பின்பக்கத்தைக் காட்டுங்கள்: பள்ளத்தூருக்கு வந்த ஒரு பயனியர் ரிசீவர்

பழைய ஸ்டீரியோ ரிசீவர் (ரேடியோவும் ஆம்ப்ளிஃபையரும் ஒன்றாக உள்ள பெட்டி) ஒன்றை வெளிநாட்டிலிருந்து கொண்டுவரலாமா என்று கேட்டு எனக்குப் படம் அனுப்புகிறவர்கள் எல்லாரும் முன்பக்கத்தைத்தான் எடுத்திருப்பார்கள். வெள்ளி நிற முகம், மஞ்சள் வெளிச்சத்தில் டயல், வரிசையாகத் திருகுகள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு வேண்டியது பின்பக்கம். கரண்ட் வயர் உள்ளே போகிற இடத்துக்குப் பக்கத்தில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று பார்த்த பிறகுதான் மற்றப் பேச்சு.

இந்தச் செட் பயனியர் எஸ்எக்ஸ்-780. 1978-இல் வந்த மாடல், சேனலுக்கு 45 வாட். காரைக்குடிக்குப் பக்கத்துப் பள்ளத்தூரில் எங்கள் தெரு ஆச்சியின் மகன் சிங்கப்பூரில் இருக்கிறார். அவருடைய அப்பச்சி (அப்பா) ஒரு காலத்தில் அங்கே மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கியில், செட்டியார்களின் வட்டித்தொழில் கூடத்தில், இருந்தவர். பிற்பாடு தனியாக வியாபாரம் செய்தபோது வாங்கிய செட் இது. அண்ணன் வீடு மாற்றும்போது ஸ்டோர் ரூமில் அட்டைப்பெட்டிகளுக்கு அடியிலிருந்து வெளியே வந்தது.

"தம்பி, அப்பச்சி ரேடியோ ஒண்ணு கெடக்கு. தூக்கிப் போட மனசு வரல. ஊருக்கு அனுப்பினா ஓட வைப்பியா?"

"பின்னாடி ஒரு படம் எடுத்து அனுப்புங்கண்ணே, சொல்றேன்."

படம் வந்தது. வோல்டேஜ் மாற்றும் சுவிட்சும், 110, 120, 220, 240 என்று நாலு எண்களும் தெரிந்தன. அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டேன். பாடுகிறதா இல்லையா என்றுகூடக் கேட்கவில்லை.

இதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் விற்ற இதே மாடலுக்கு 120 வோல்ட் மட்டும்தான். அதை இங்கே ஓட்ட, 230 வோல்டை இறக்கிக் கொடுக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வேண்டும். கடையில் கிடைக்கும் சின்னப் பெட்டி போதாது. செட் இழுப்பதைவிடத் தாராளமாக, 500 விஏ அளவில் ஒன்று வேண்டியிருக்கும். அதோடு அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. அதிர்வெண் குறைந்தால் அதே வோல்டேஜுக்கு டிரான்ஸ்பார்மர் இரும்புக்குள் காந்தப்பாயம் இருபது சதவீதம் கூடும். நம் ஸ்டெப் டவுன் 110 வோல்ட் கொடுத்தால் அதில் பாதி ஈடாகிவிடும். மீதி சூடாகவும் உர்ர் என்ற சத்தமாகவும் வெளியே வரும். ஓடாது என்று இல்லை. பலர் ஓட்டுகிறார்கள். ஆனால் நம்மூரில் ராத்திரி பத்து மணிக்கு மேல் லைன் 250-ஐத் தொடும்போது அந்த 110 என்பது 120 ஆகிவிடும். அப்போது ஈடாக ஒன்றும் மிஞ்சாது.

ஜப்பான் உள்நாட்டு மாடல் இதைவிட மோசம். 100 வோல்ட் என்பதை எப்படியாவது சமாளிக்கலாம். அந்தக் காலத்தில் எஃப்எம் அங்கே 76-இல் தொடங்கி 90 மெகாஹெர்ட்ஸில் முடிந்துவிடும். நம் நிலையங்கள் 88 முதல் 108 வரை. டயலின் கடைசி ஓரத்தில் இரண்டு மெகாஹெர்ட்ஸுக்கு மட்டும்தான் நம் ஊர் இருக்கும். இணையத்தில் ஜப்பான் செட்கள் மலிவாகவும் பளபளவென்றும் கிடைப்பதைப் பார்த்து மயங்குகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

சிங்கப்பூர், மலேசியா, இலங்கை மூன்றும் நம்மைப் போலவே 230-240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், எஃப்எம் 108 வரை. செட்டிநாட்டுக்காரர்கள் கொண்டுவிற்கப் போன ஊர்களே நமக்கு ஒத்துவரும் மின்சாரம் உள்ள ஊர்களாக இருப்பது தற்செயல் இல்லை. பிரிட்டிஷ்காரன் போட்ட லைன் எல்லாம் ஒரே மாதிரி. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளில் இன்றும் வால்வு ரேடியோக்கள் கிடைக்கின்றன. அக்கரையிலிருந்து வந்த வீட்டுச் சாமான்களோடு வந்தவை நிறைய. டிரான்சிஸ்டர் காலத்து ஸ்டீரியோ ரிசீவர் அங்கே அபூர்வம். எழுபதுகளில் இங்கே இறக்குமதிக் கெடுபிடி இருந்ததால் இப்படிப்பட்ட செட்கள் பெரும்பாலும் அக்கரையிலேயே தங்கிவிட்டன.

45 வாட் என்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இன்று கடையில் உள்ளங்கை அகல ஸ்பீக்கரில் 2000 வாட் என்று எழுதியிருப்பதைப் பார்த்தவர்கள் 45-ஐக் கேட்டுச் சிரிக்கிறார்கள். 1974-இல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் ஒரு விதி போட்டது: வாட் கணக்கு சொல்வதென்றால் தொடர்ந்து கொடுக்கும் சக்தியைச் சொல்ல வேண்டும், எந்த அதிர்வெண் எல்லைக்குள், எவ்வளவு சிதைவோடு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு ஜப்பான் கம்பெனிகளுக்குள் உண்மையான வாட் போட்டி தொடங்கியது. பயனியரே 1976-இல் 160 வாட் எஸ்எக்ஸ்-1250, 1978-இல் 270 வாட் எஸ்எக்ஸ்-1980 என்று ஏறிக்கொண்டே போனது. 780 அந்தக் குடும்பத்தில் நடுப்பிள்ளை. அதன் 45 வாட், செட்டிநாட்டு வீட்டின் பெரிய கூடமான பட்டாலை முழுக்கக் கேட்கும்.

கொண்டுவந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எடை பதின்மூன்று கிலோ சொச்சம். கூரியரில் போட வேண்டாம் என்றேன். பழைய எலக்ட்ரானிக்ஸ் பொருள் என்றால் சுங்கத்தில் கேள்விகள் அதிகம், வழியில் தூக்கி எறிவதும் அதிகம். அண்ணன் ஊருக்கு வரும்போது செக்-இன் சாமானாகவே கொண்டுவந்தார். இந்தச் செட்களைக் கொல்வது டிரான்ஸ்பார்மர்தான். எடை முழுக்க ஒரு பக்கம் இருப்பதால், பெட்டி கீழே விழுந்தால் சேஸி முறுக்கிக்கொள்ளும். முகம் பட்டு விழுந்தால் டியூனிங் திருகின் தண்டு வளையும். அதனால் இழுத்தால் வரும் திருகுகளைக் கழற்றித் தனியே பொதியச் சொன்னேன். முகத்துக்கு முன்னால் ஃபோம் ஷீட், அதன் மேல் பிளைவுட் துண்டு, சுற்றிலும் இரண்டு அங்குல ஃபோம், இரண்டு அட்டைப்பெட்டி, ஒன்றுக்குள் ஒன்று. மீதி இடத்தில் துண்டும் வேட்டியும் திணித்திருந்தார். திருச்சியில் எக்ஸ்ரேயில் பெரிய இரும்புத் துண்டு தெரிந்ததும் பிரிக்கச் சொன்னார்கள். பழைய ரேடியோ என்று பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். தீர்வை இல்லாமல் கொண்டுவரும் மதிப்பு வரம்பு அவ்வப்போது மாறுகிறது, கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். விமான நிலையம் புதுக்கோட்டை ரோட்டிலேயே இருப்பது நமக்கு ஒரு வசதி. திருமயம் வழியாக நேரே பள்ளத்தூர்.

வந்ததும் எல்லாரும் சுற்றி நின்றார்கள். பிளக்கைச் சொருகிப் பார்க்கலாமே என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ஆச்சி மட்டும், "அது தூங்கி எத்தன வருசமோ, மெதுவா எழுப்பட்டும், விடுங்க" என்றார்கள். தெரிந்து சொன்னார்களோ தெரியாமல் சொன்னார்களோ, எலக்ட்ரோலைட்டிக் கன்டென்சருக்கு அதுதான் சரியான வைத்தியம்.

அழகப்ப செட்டியார் இடம் கொடுத்து, 1953-இல் திறந்த மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமான சிக்ரி காரைக்குடியில் இருக்கிறது. அந்த ஊர்ப் பக்கத்தில் இதை விளக்குவது எளிது, ஏனென்றால் இந்தக் கன்டென்சரே ஒரு மின்வேதியியல் சரக்கு. உள்ளே அலுமினியத் தகடு, அதன் மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம். அந்தப் படலம்தான் மின்காப்பு. பல வருடம் வோல்டேஜ் இல்லாமல் கிடந்தால் படலம் தேய்ந்துபோகும். திடீரென்று முழு வோல்டேஜ் கொடுத்தால் கசிவு கூடிச் சூடேறும், சில சமயம் வெடிக்கும். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் உள்ளே இருக்கும் திரவத்தின் உதவியோடு படலம் மறுபடி வளரும்.

முதலில் பின்பக்கச் சுவிட்சை 240-க்கு மாற்றினேன். 230-க்கு 220 அல்லவா பக்கம் என்று கேட்கலாம். ராத்திரி 250 வருகிற ஊரில் 240-இல் வைப்பதே நல்லது. பியூஸ் அளவு சரிதானா என்று பார்த்தேன். யாரோ ஒருவர் எப்போதோ பெரிய பியூஸ் போட்டிருப்பது பழைய செட்களில் சாதாரணம், இதில் அப்படி இல்லை. பிறகு மோட்டார் காயில் கட்டும் கடையிலிருந்து வேரியாக்கை (வோல்டேஜைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றும் டிரான்ஸ்பார்மர்) இரவல் வாங்கி, அதற்குப் பின்னால் சீரிஸ் லைட் போர்டை வைத்தேன். செட்டுக்குப் போகும் கரண்ட் அதிலிருக்கும் பல்பு வழியாகத்தான் போகும். எலக்ட்ரீஷியன் வீட்டில் எல்லாம் இருக்கும் அதே போர்டுதான். ஒரே நிபந்தனை, குண்டு பல்பு வேண்டும். எல்இடி போட்டால் ஒன்றும் தெரியாது. 100 வாட் குண்டு பல்பு இப்போது தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

ஸ்பீக்கர் இணைக்கவில்லை. 60 வோல்டில் கொஞ்ச நேரம், 100-இல் கொஞ்ச நேரம் என்று மதியம் முழுக்க ஏற்றிக்கொண்டே போனேன். பல்பு ஒவ்வொரு தடவையும் லேசாகச் சிவந்து அடங்கியது. சிவந்தது அடங்காமல் பளிச்சென்று எரிந்தால் உள்ளே ஷார்ட், அங்கேயே நிறுத்த வேண்டியதுதான். சீரிஸ் லைட் நடுவில் இருக்கும்போது ஸ்பீக்கரைச் சர்க்யூட்டோடு சேர்க்கும் ரிலே 'க்ளிக்' என்று விழாமல் போகலாம். வோல்டேஜ் போதாமல் அப்படி இருக்கும், பயப்பட வேண்டாம். பல்பை எடுத்துவிட்டு முழு வோல்டேஜ் கொடுத்ததும் சில வினாடியில் விழுந்தது. அந்தச் சத்தம் கேட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி, ஏனென்றால் ஸ்பீக்கருக்கு நேர்மின்சாரம் போகவில்லை என்று காவல் சர்க்யூட்டே சொல்லிவிடுகிறது.

சொன்னாலும் நான் அளந்து பார்த்தேன். இடது சேனலில் 14 மில்லிவோல்ட், வலதில் 37. ஐம்பதுக்குள் இருந்தால் நான் கை வைப்பதில்லை.

இந்த மாடலில் என் பயமெல்லாம் எஸ்டிகே-0050 மீதுதான். ஹீட் சிங்கில் திருகியிருக்கும் இரண்டு கறுப்புக் கட்டிகள், சான்யோ தயாரிப்பு, சேனலுக்கு ஒன்று. அவுட்புட் டிரான்சிஸ்டர்களை ஒரே கட்டிக்குள் வைத்து அடைத்தது. இப்போது தயாரிப்பில் இல்லை. சந்தையில் புதிது என்று வருவதில் போலி நிறைய. எண்ணை அழித்துவிட்டு வேறு எண் அச்சிட்டவை. செத்துப்போனால், அதே இடத்தில் தனித்தனி டார்லிங்டன் டிரான்சிஸ்டர்களை ஹீட் சிங்கில் பொருத்திச் சர்க்யூட்டைக் கட்டுவதுதான் உருப்படியான வழி. இங்கே இரண்டுமே உயிரோடு இருந்தன. பழைய ஹீட் சிங்க் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகியிருந்ததைச் சுரண்டிப் புதிது தடவி, திருகை ஒரே சீராக முடுக்கினேன். ஐடில் கரண்டை (பாட்டு இல்லாதபோதும் ஓடும் கரண்ட்) சர்வீஸ் மேனுவலில் சொன்ன இடத்தில், அரை மணி நேரம் சூடான பிறகு சரிசெய்தேன்.

பிறகு பழைய ஸ்பீக்கர் ஒரு ஜோடியை இணைத்தேன். இந்த வேலைக்கு நல்ல ஸ்பீக்கர் வேண்டாம். வலது நன்றாக வந்தது. இடது சின்ன வால்யூமில் காணாமல் போய், திருகை ஏற்றினால் திடுக்கென்று வந்தது. இந்த அறிகுறிக்கு முதலில் பார்க்க வேண்டியது ரிலேவைத்தான். அதன் முனைகள் கறுத்துப்போய்ச் சின்ன சிக்னலைத் தடுக்கும். பெரிய சிக்னல் வந்தால் வழிவிடும். ரிலேயின் மூடியைக் கழற்றி, விசிட்டிங் கார்டு துண்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து முனைகளுக்கு நடுவே வைத்து, மெல்ல அமுக்கி இழுத்தேன். கறுப்பு வராமல் போகும்வரை புதுத் துண்டு. உப்புத்தாள் கூடாது, முனையின் மேற்பூச்சு போய்விடும்.

திருகுகள், தட்டும் சுவிட்சுகள் எல்லாம் கரகரத்தன. கான்டாக்ட் கிளீனரை உள்ளே இருக்கும் துவாரம் வழியாக அடித்து, ஒவ்வொன்றையும் கை வலிக்கும்வரை திருப்ப வேண்டும். இதில் டேப் மானிட்டர் சுவிட்சை மறந்துவிடுகிறார்கள். வருகிற சத்தமெல்லாம் அதன் வழியாகத்தான் போகிறது. துருவுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரேயைத் தயவுசெய்து இங்கே கொண்டுவராதீர்கள். முகத்துக்குச் சோப்புத் தண்ணீரும் பருத்தித் துணியும் போதும். ஆல்கஹால் போட்டுத் துடைத்தால் எழுத்தும் சேர்ந்து வந்துவிடும்.

கன்டென்சர் எல்லாவற்றையும் மாற்றிவிடு என்று ஒரு வேதவாக்கு இருக்கிறது. நான் அந்தக் கட்சி இல்லை. ஒவ்வொன்றை மாற்றும்போதும் நாற்பது வருடத்துப் பழைய போர்டில் செப்புத் தடம் பெயர்ந்துவரும் ஆபத்தும் சேர்ந்தே வருகிறது. கன்டென்சரின் உள்தடையைக் காட்டும் இஎஸ்ஆர் மீட்டரில் அளந்தேன். பவர் சப்ளையின் பெரிய இரண்டும் திடமாக இருந்தன, விட்டுவிட்டேன். மாற்றியவை இரண்டு வகை. ஒன்று, சூடாகும் ரெசிஸ்டர்களுக்கு ஒட்டி நின்று வெந்துபோனவை. இன்னொன்று, பழுப்புப் பசைக்கு அருகில் இருந்தவை. அந்தக் காலத்து ஜப்பான் செட்களில் பெரிய உறுப்புகள் ஆடாமல் இருக்க ஒரு பசை போட்டார்கள். வருடம் ஆக ஆக அது மஞ்சளிலிருந்து காப்பி நிறமாகி, ஈரத்தை இழுத்து, கீழே இருக்கும் உறுப்பின் காலை அரித்துத் தின்றுவிடும். சிங்கப்பூர் புழுக்கத்துக்குக் கேட்கவே வேண்டாம். பசை முழுக்கச் சுரண்டி எடுத்ததில் ஒரு டையோடின் கால் தொட்டதும் உடைந்தது. அது இன்னும் ஆறு மாதத்தில் தானே உடைந்து, காரணம் புரியாமல் நம்மை அலைய விட்டிருக்கும்.

புதுக் கன்டென்சருக்கு மைக்ரோஃபாரட் அதே அளவு, வோல்டேஜ் அதே அல்லது மேலே, வெப்பம் 105 டிகிரி. கழற்றும் முன் போன் கேமராவில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். போர்டில் நெகட்டிவ் பக்கத்தைக் குறிக்கும் முறை கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

எஃப்எம்முக்கு ஆன்டென்னா இல்லாமல் எதுவும் பேச முடியாது. இந்த வீட்டுச் சுவர்களின் கனத்துக்கு உள்ளே வயர் தொங்கவிட்டால் இரைச்சல்தான். தட்டை ரிப்பன் வயரில் ஒன்றரை மீட்டர் டைபோல் ஆன்டென்னா செய்து, மாடியில் மச்சு ஓரமாக வடக்கு தெற்காகக் கட்டினேன். ஏன் அப்படி என்றால் கொடைக்கானல் நமக்கு மேற்கே. டைபோல் தன் அகலப் பக்கத்தில்தான் நன்றாகக் கேட்கும். நேர்கோட்டில் சுமார் 140 கிலோமீட்டர். சாதாரணமாக எஃப்எம் அவ்வளவு தூரம் வராது. ஆனால் இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் மலையில் நிற்கும் கோபுரத்துக்கு ரேடியோ அடிவானம் 180 கிலோமீட்டரைத் தாண்டும். கொடை எஃப்எம் 100.5-இல் சிக்னல் மீட்டரின் முள் எழுந்து நின்றது.

பாட்டு வந்தது, ஸ்டீரியோ விளக்கு எரியவில்லை. நிலையம் அனுப்பும் 19 கிலோஹெர்ட்ஸ் பைலட் சிக்னலோடு செட்டுக்குள் இருக்கும் ஆசிலேட்டர் பூட்டிக்கொண்டால்தான் இடது வலது பிரியும். அந்த ஆசிலேட்டர் 76 கிலோஹெர்ட்ஸில் ஓடி, நாலால் வகுபட்டு 19 ஆகிறது. வருடங்கள் போகப் போக அது நழுவிவிடும். நிலையம் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்தி, டெஸ்ட் பாயின்டில் மலிவான ஃபிரீக்வென்சி கவுன்டர் வைத்துப் பார்த்தால் 18.6 காட்டியது. பக்கத்து டிரிம்மரை ஒரு மயிரிழை திருப்பியதும் 19. கொடைக்குத் திரும்பினால் விளக்கு எரிந்தது. டியூனரில் இதற்கு மேல் கை வைக்கவில்லை. சிக்னல் ஜெனரேட்டர் இல்லாமல் ஐஎஃப் காயில்களைத் திருகுகிறவர்களை நான் தடுத்திருக்கிறேன்.

அமெரிக்கச் செட் வாங்கியவர்களுக்கு எஃப்எம்மில் இன்னொரு வேலை உண்டு. நிலையம் தூக்கி அனுப்பும் உயர்ந்த ஒலிகளைச் செட் திரும்பக் குறைப்பதற்கு டி-எம்ஃபசிஸ் என்று பெயர். அது அங்கே 75 மைக்ரோசெகண்ட், இங்கே 50. அப்படியே கேட்டால் ஜலதரங்கமும் தாளமும் போர்வைக்குள் போன மாதிரி மந்தமாக இருக்கும். அந்த இடத்துக் கன்டென்சரை மூன்றில் இரண்டு பங்காகக் குறைத்தால் சரியாகிவிடும். பலர் இதைச் செய்யாமல் 'பழைய செட்டின் இதமான ஒலி' என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

மீடியம் வேவில் திருச்சி 936 வந்தது, கூடவே ஒரு ரீங்காரமும். வளவில், அதாவது உள்முற்றத்தில், எரிந்த எல்இடி பல்புகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்ததில் மலிவு ரகம் இரண்டு பிடிபட்டன.

செட்டைப் பட்டாலையில்தான் வைக்க வேண்டும் என்று ஆச்சிக்கு ஆசை. வைத்துப் பார்த்தோம். கீழே ஆத்தங்குடிக் கல், சுவரில் கண்ணாடி போல வழுவழுத்த சுண்ணாம்புப் பூச்சு, ஒலியை விழுங்க ஒன்றுமே இல்லை. நாதஸ்வரம் கம்பீரமாக இருந்தது. செய்தி வாசித்தால் ஒரு சொல் முடியும் முன் அடுத்த சொல் அதன் மேல் விழுந்தது. இரண்டு ஜமக்காளம் விரித்து, ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து நாலடி முன்னால் இழுத்ததில் கொஞ்சம் அடங்கியது. கடைசியில் வளவு ஓரத்து அறைக்கு மாற்றினோம். மரப்பெட்டிகளும் மெத்தைகளும் அடைந்த அறை, அதனாலேயே கேட்க நன்றாக இருக்கிறது. அங்கே ரவுண்ட் பின் பழைய பிளக் பாயின்ட், எர்த் கிடையாது. மூன்று பின் பாயின்டாக மாற்றி, புது எர்த் லைன் இழுத்த பிறகுதான் அண்ணனின் டிவி பெட்டியைச் செட்டோடு இணைக்க விட்டேன்.

மிச்சம் இருப்பது போனோ, அதாவது இசைத்தட்டுக்கான இன்புட். மாடிப் பெட்டியில் அப்பச்சியின் இசைத்தட்டுகள் இருக்கின்றன, சிலது பூஞ்சை பிடித்து. செட்டின் போனோ இன்புட்டில் ஒரு சேனலில் மட்டும் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் இருக்கிறது. முன்வரிசை டிரான்சிஸ்டர் ஒன்று வயதாகி இரைகிறது என்று நினைக்கிறேன். ஃபிரீசிங் ஸ்ப்ரேயை ஒவ்வொன்றின் மேலும் லேசாக அடித்து எது என்று பிடிக்க வேண்டும். அண்ணன் டர்ன்டேபிளுக்கு பெல்ட் வாங்கி வரும்போது அதையும் பார்த்துக்கொள்ளலாம் என்று திறந்தபடியே வைத்திருக்கிறேன். மேல் மூடிக்குத் திருகு போடவில்லை, பல்லி புகாமல் துணி மட்டும் போர்த்தியிருக்கிறது.